ராபர்ட் டோனட்

ராபர்ட் டோனட் (மார்ச் 18, 1905 – ஜூன் 9, 1958) இங்கிலாந்தைச் சேர்ந்த மேடை, திரைப்பட நடிகர் ஆவார். குட்பை மிஸ்டர் சிப்ஸ் (1939) என்னும் திரைப்படத்தில் நடித்தமைக்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றார். இனிமையும் தெளிவும் மிக்க குரலுக்காக இவர் பெரிதும் அறியப்பட்டார். எனினும், ஈழை நோய் எனப்படும் ஆஸ்துமா இவரது வாழ்நாளின் பெரும்பகுதியில் இவரை வருத்தியது. கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட திரை வாழ்வில் இவர் நடித்த படங்கள் இருபதைத் தாண்டாமைக்கு இந்நோயே முதன்மைக் காரணமாகும்.

இளமைக் காலம்

டோனட் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உள்ள விதிங்டன் பகுதியில் பிறந்தார். சிறுவயதில் இவருக்குத் திக்குவாய் இருந்தது. அதனைப் போக்கிக்கொள்ள ஜேம்ஸ் பெர்னார்ட் என்ற ஆசிரியரிடம் பேச்சுப் பயிற்சி பெற்றார். பள்ளிப் படிப்பை விட்ட பின்னர் அவரிடமே செயலாளராகப் பணியாற்றிப் பயிற்சியைத் தொடர்ந்தார். பிற்காலத்தில் இவருக்குப் புகழ் தேடித்தந்த குரல் இவ்வாறு உழைப்பால் உருவானதே.

நாடக வாழ்க்கை

1921 ஆம் ஆண்டு, தமது பதினாறாம் வயதில், பர்மிங்காம் நகரில் சேக்சுபியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் லூசியஸ் என்ற சிறு வேடத்தில் முதன்முதலாக மேடையேறினார். 1924 இல் சர் பிராங்க் பென்சனின் நாடகக் குழுவில் இணைந்தார். ஊர் ஊராகச் சென்று சேக்சுபியர் நாடகங்களை நடத்திவந்த குழு அது. அங்கு பெற்ற அனுபவம் இவரது நடிப்புக்கு அடித்தளமாக அமைந்தது. 1931 இல் இலண்டனில் பிரெஷஸ் பேன் நாடகத்தில் நடித்துக் கவனம் பெற்றார்.

திரைப்படங்கள்

தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா 1932 இல் இவரைத் திரைக்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டு வெளியான தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஹென்றி VIII படத்தில் தாமஸ் கல்பெப்பராக நடித்தார். அதன் வெற்றி இவருக்கு ஹாலிவுட் வாய்ப்பைத் தந்தது. அங்கு தி கவுண்ட் ஆஃப் மாண்டி கிறிஸ்டோ (1934) படத்தில் கதைத்தலைவனாக நடித்தார். ஹாலிவுட்டில் இவர் நடித்த ஒரே படம் இதுவே. கேப்டன் பிளட் (1935) படத்தில் இவர் நடிப்பதாக இருந்து கைவிடப்பட்டது. அவ்வேடத்தை ஏற்ற எரால் பிளின் அப்படத்தால் புகழ் பெற்றார்.

இங்கிலாந்து திரும்பிய டோனட், ஆல்பிரட் ஹிட்ச்காக் இயக்கிய தி 39 ஸ்டெப்ஸ் (1935) படத்தில் ரிச்சர்ட் ஹன்னே என்ற வேடம் ஏற்றார். செய்யாத கொலைக்காகத் தேடப்படும் ஒருவன் காவலரிடமிருந்து தப்பியவாறே உளவாளிகளைக் கண்டறிவது இதன் கதை. 1999 இல் பிரித்தானியத் திரைப்படக் கழகம் வெளியிட்ட சிறந்த நூறு பிரித்தானியப் படங்களின் பட்டியலில் இது நான்காம் இடத்தைப் பெற்றது.

தி சிட்டடல் (1938) படத்தில், தூசியால் சுரங்கத் தொழிலாளருக்கு ஏற்படும் நுரையீரல் நோயை ஆராயும் மருத்துவராக நடித்தார். மூச்சுத் திணறலைத் தாமே அறிந்த நடிகருக்கு வாய்த்த வேடம் இது. இதற்காக ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு குட்பை மிஸ்டர் சிப்ஸ் படத்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் வாழ்வை, இளமை முதல் எண்பது வயது கடந்த முதுமை வரை நடித்துக் காட்டினார். அப்போது இவருக்கு வயது முப்பத்து நான்கே. கான் வித் த விண்ட் படத்தின் கிளார்க் கேபிள், லாரன்ஸ் ஒலிவியர், ஜேம்ஸ் ஸ்டீவர்ட், மிக்கி ரூனி ஆகியோரும் அவ்வாண்டு இதே விருதுக்குப் போட்டியிட்டனர் என்பது குறிப்பிடத்தக்கது.

நோயும் நடிப்பும்

நைட் விதவுட் ஆர்மர் (1937) படப்பிடிப்பின்போது ஆஸ்துமா கடுமையானதால் இவருக்குப் பதிலாக வேறொருவரை நடிக்கவைக்க எண்ணினர். உடன் நடித்த மார்லின் டீட்ரிக் அதற்கு உடன்படாமல், இவர் குணமாகும்வரை காத்திருக்கச் செய்தார். எல்லா வேளைகளிலும் அவ்வாறு நேரவில்லை. ஹாப்சன்ஸ் சாய்ஸ் (1954) படத்திலிருந்து உடல்நிலை காரணமாக விலக நேர்ந்தது. அவ்வேடத்தை ஜான் மில்ஸ் ஏற்றார்.

இடையிடையே உடல் இடங்கொடுத்தபோது தி வின்ஸ்லோ பாய் (1948), தி மேஜிக் பாக்ஸ் (1951) ஆகிய படங்களில் நடித்தார். தி கியூர் ஃபார் லவ் (1949) படத்தை இயக்கி நடித்தார். 1953 இல் ஓல்ட் விக் அரங்கில் டி. எஸ். எலியட்டின் மர்டர் இன் தி கதீட்ரல் நாடகத்தில் பேராயர் தாமஸ் பெக்கட்டாக மேடையேறினார். லீஸ் ஆஃப் லைஃப் (1954) படத்தில், தம் வாழ்நாள் முடியப்போவதை அறிந்துகொள்ளும் கிறித்தவ மதகுருவாக நடித்தார்.

மறைவு

தி இன் ஆஃப் த சிக்ஸ்த் ஹேப்பினஸ் இவரது இறுதிப் படமாகும். சீனாவில் பணியாற்றிய சமயப் பணியாளர் கிளாடிஸ் அயில்வர்டின் வாழ்க்கையைத் தழுவிய இப்படத்தில் இங்கிரிட் பெர்க்மனுடன் நடித்தார். படப்பிடிப்பின்போது இவருக்கு ஆக்சிசன் உருளைகள் தேவைப்பட்டன. தம் பகுதியை நடித்து முடித்த டோனட், 1958 ஜூன் 9 அன்று தமது 53 ஆம் வயதில் இலண்டனில் காலமானார். படம் அவ்வாண்டின் இறுதியில் வெளியானது. அதில் சீன மாண்டரின் வேடத்தில் இவர் விடைபெறும் காட்சியே இவரது கடைசிக் காட்சியாகவும் அமைந்தது.