இருசின் ஆயுளை அளந்த அகஸ்டு வோலர்

1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள், வெர்சேல்ஸிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய புகைவண்டியொன்று எஞ்சினின் இருசு முறிந்து கவிழ்ந்தது. பெட்டிகளின் கதவுகள் பூட்டப்பட்டிருந்தமையால் 50க்கு மேற்பட்டோர் மாண்டனர். நின்ற நிலையிற் பெருஞ்சுமை தாங்கவல்ல இருசுகள், சில ஆண்டுகள் ஓடியபின் முன்னறிகுறி யாதுமின்றி முறிதல் அக்காலத்தார்க்குப் பெரும் புதிராயிருந்தது. அதிர்ச்சியினால் இரும்பு படிகத்தன்மை அடைந்துவிடுகிறதெனப் பலர் எண்ணினர். எண்ணத்தை விடுத்து எண்ணிக்கையை நாடியவர் அகஸ்டு வோலர்.

1819இல் ஹானோவர் நாட்டு ஸோல்டாவில் பிறந்த இவர், பெர்லினில் போர்ஸிக்கின் எஞ்சின் தொழிற்சாலையிற் பணியாற்றியபின், 1847இல் ஓடர் நதிக்கரைப் பிராங்க்பர்ட்டில் ஓர் இருப்புப்பாதையின் வண்டிகளுக்கும் தொழிற்சாலைக்கும் தலைவரானார்.

ஓடும் வண்டியில் இருசு எவ்வளவு வளைகிறது? இதனையே அவர் முதலில் வினவினார். இருசின் வளைவைத் துத்தநாகத் தகட்டிற் கீறிக் காட்டும் கருவியொன்றைத் தாமே அமைத்து வண்டியிற் பொருத்தினார். 1858லும் 1860லும் வெளியிட்ட அறிக்கைகளில் அவர் செய்த கணக்கு வியக்கத்தக்கது. கழுத்துத் தேய்ந்து 2,00,000 மைலில் இருசு கழிக்கப்படுமெனின், அளந்தறிந்த மிகப்பெரிய வளைவை அது 2,00,000 முறை தாங்கினாற் போதும் என்றார். என்றும் முறியாத இருசை அவர் நாடவில்லை. வேண்டிய காலம்வரை முறியாததையே நாடினார். பொறியியலில் இதனினும் துணிவான எளிமையை நாம் அதிகம் கண்டதில்லை.

பின்னர், இருசுத் துண்டின் முனையிற் சுமையேற்றி ஓயாது சுழற்றும் பொறியை நிறுவினார். ஒவ்வொரு சுற்றிலும் உலோகத்தின் மேற்புறம் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை நெருக்குண்ணும். முறியும்வரை சுற்றுக்கள் எண்ணப்பட்டன. சில துண்டுகள் ஆயிரக்கணக்கிலும், சில பல லட்சங்களிலும் முறிந்தன. குறைந்த சுமையுடைய சில முறியவேயில்லை. ஒரே முறையில் முறிக்கும் சுமைக்கு மிகத் தாழ்ந்த சுமையும், மீண்டும் மீண்டும் வந்தால் முறிக்கும்; சுமை மாறும் வீச்சே ஆயுளை முதன்மையாக நிர்ணயிக்கும்; ஒரு வரம்பிற்குக் கீழே எஃகு நெடுங்காலம் நிலைக்கும். விட்டம் திடீரெனக் குறுகும் கூர்மூலையே முறிவின் பிறப்பிடம் என்பதையும் உணர்ந்து, அதனை வளைவாக்குமாறு வற்புறுத்தினார்.

இம்முடிவுகள் 1867இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டன. முழு அறிக்கை 1870இல் வெளிவந்தது. அவர் தந்தவை வறண்ட அட்டவணைகளே. அவற்றைக் கோடாக வரைந்தவர் பின்வந்தோர்; அக்கோடே வோலர் வளைகோடு எனப் பெயர் பெற்றது. 1874 முதல் ஸ்ட்ராஸ்பர்க்கில் அரசாங்க இருப்புப்பாதைகளின் இயக்குநருள் ஒருவராயிருந்த அவர், 1914இல் தமது 94ஆம் வயதில் ஹானோவரிற் காலமானார்.