அகஸ்டஸ்

பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி பண்டு கடல் சேர்ந்த இடம் கொற்கை. அத்துறையின் முத்துகளை விரும்பி வாங்கிய உரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் ஆவார்.

கி.மு. 63இல் பிறந்த அவரது இயற்பெயர் ஆக்டேவியஸ். கி.மு. 44இல் கொலையுண்ட ஜூலியஸ் சீசர், தம் உயிலில் அவரை மகனாக ஏற்றிருந்தார். அப்போது அவருக்கு வயது 18. கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் அந்தோணியை வென்றார். கி.மு. 27இல் ஆட்சியைச் செனட் அவையிடமே திருப்பி அளிப்பதாக அறிவித்தார். அவையோ அகஸ்டஸ் என்னும் பட்டத்தை வழங்கியது.

அவர் முடி சூடவில்லை. அவையும் தேர்தலும் நீடித்தன; படையும் இறுதி முடிவும் அவரிடமே இருந்தன. உள்நாட்டுப் போர்களால் களைத்த மக்கள் அமைதியை வரவேற்றனர். கடல் வணிகமும் செழித்தது. கி.பி. 14இல் அவர் மறைந்தார்.

அவரது உருவம் பொறித்த காசுகள் தமிழ்நாட்டில் கிடைத்துள்ளன. அமைதிக்கு ஈடாக மக்கள் தம் உரிமையைச் சிறிது சிறிதாக இழக்கக்கூடும் என்பதை அவர் வரலாறு உணர்த்துகிறது.