அகதிகளின் துணைவர் நான்சென்

நார்வே நாட்டின் தலைநகரான ஆஸ்லோ முன்னாளில் கிறித்தியானியா என்று பெயர் பெற்றிருந்தது. அந்நகரை அடுத்த ஓரிடத்தில், 1861-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10-ஆம் நாள் பிரித்யோப் நான்சென் பிறந்தார். பனிநிலத்தில் ஓடியாடி வளர்ந்த அவர், 1888-இல் தோழர் ஐவருடன் கிரீன்லாந்தின் பனிவெளியைக் கடந்து புகழ் பெற்றார். 1893-இல் பிராம் என்னும் கப்பலில் வடதுருவத்தை நோக்கிப் புறப்பட்டார். ஏறத்தாழ ஈராண்டு கழிந்தபின் கப்பலை விட்டிறங்கி, ஒரே தோழருடன் பனிமேல் நடந்து, அதுவரை எவரும் எட்டாத வட எல்லையை எட்டினார். மீளும் வழியில், கல்லும் விலங்குத் தோலும் கொண்டு அமைத்த குடிலில் குளிர்காலம் முழுவதையும் கழித்தார். வீடின்றி வாடுவது இன்னதென்பதை அவர் தம் உடலாலேயே உணர்ந்தவர்.

முதல் உலகப் போர் 1918-இல் முடிந்தது. போர்க்கைதிகளாய்ப் பிறநாடுகளில் வாடியவர்களைத் தாயகம் சேர்க்கும் பணியைச் சர்வதேச சங்கம் 1920-இல் நான்செனிடம் ஒப்படைத்தது. நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அவர் முயற்சியால் வீடு திரும்பினர். நாடிழந்த உருசிய அகதிகளுக்கென 1922-இல் அவர் ஏற்படுத்திய அடையாளச் சீட்டு, நான்சென் கடவுச்சீட்டு என்றே வழங்கலாயிற்று.

அப்பொழுது கிழக்கே மற்றொரு பெருந்துயர் மூண்டது. ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் நிலவிய துருக்கியப் பேரரசு போரில் தோற்றுச் சிதைந்தது. 1919-இல் கிரேக்கப் படை சிமிர்னா துறைமுகத்தில் இறங்கியது. கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் போர் மூண்டது. 1922 செப்டம்பரில் துருக்கியர் வென்று சிமிர்னாவுள் புகுந்தனர். சில நாட்களில் அந்நகரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. பல்லாயிரவர் கடற்கரையில் திரண்டு கப்பலுக்காகக் காத்து நின்றனர். பின்வாங்கிய கிரேக்கப் படையினர் எரித்த ஊர்களில் துருக்கிய உழவர்களும் வீடிழந்து நின்றனர். வென்றவர் பக்கமும் தோற்றவர் பக்கமும் அழுதவர் எளிய மக்களே.

நான்சென் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு விரைந்து, உணவும் மருந்தும் கிடைக்க வழி தேடினார். ஆயின் ஓடிவந்தோர் மீளவும் தம் ஊர் செல்ல வழியில்லை. அவர்களைக் குடியேற்ற நிலமும் இல்லை. இரு நாட்டுச் சிறுபான்மையினரையும் இடம் மாற்றிக்கொண்டால், ஒருவர் விட்டுச்சென்ற வீடும் வயலும் மற்றவருக்குப் பயன்படும் என்று அவர் கருதினார். இது பெருந்துன்பம் விளைக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. குளிரிலும் பசியிலும் மக்கள் மடிவதைக் காட்டிலும் இஃது ஏற்கத்தக்கது என்பதே அவர் துணிபு.

1923 சனவரி 30-இல் லோசான் நகரில் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. விரும்பியவர் போகலாம் என்பதன்று. போயே தீரவேண்டும் என்பது அதன் விதி. மொழியன்று, மதமே அளவுகோல் ஆயிற்று. துருக்கி மொழியன்றி வேறறியாத கிறித்தவர் கிரேக்க நாட்டிற்கும், கிரேக்க மொழி பேசிய கிரீட் தீவு முசுலிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டனர். கான்ஸ்டாண்டிநோபிளின் கிரேக்கர்க்கும் மேற்குத் திரேசின் முசுலிம்களுக்கும் மட்டும் விலக்களிக்கப்பட்டது. முன்னரே ஓடிவந்தோர் உட்பட ஏறத்தாழ 12 இலட்சம் மக்கள் கிரேக்க நாடு சேர்ந்தனர். நான்கு இலட்சத்திற்குச் சற்றுக் குறைவானோர் துருக்கி சேர்ந்தனர். ஏதென்சில் நாடக அரங்கின் இருக்கை அறைகளிலும் அகதிக் குடும்பங்கள் குடியிருந்தன. பிறகு சர்வதேச சங்கத்தின் துணையால் பெற்ற கடனைக் கொண்டு கிரேக்க நாட்டில் புதிய ஊர்கள் எழுந்தன. எனினும் முன்னோர் கல்லறையையும் பழகிய அண்டை வீட்டாரையும் எந்தக் கடனாலும் மீட்டுத்தர இயலவில்லை.

அமைதிக்கான நோபெல் பரிசு 1922-இல் நான்செனுக்குக் கிடைத்தது. அப்பொருளையும் அவர் துயர்துடைக்கும் பணிக்கே ஈந்தார். 1930 மே 13-இல் அவர் மறைந்தார். அகதிகளுக்குத் தொண்டு புரிவோர்க்கு ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பு 1954 முதல் வழங்கிவரும் விருது அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

மக்களை வேரோடு பெயர்த்த அத்திட்டம் அறமா என்று இன்றும் அறிஞர் வினவுகின்றனர். அவ்வினா தக்கதே. அரசுகள் போரில் இறங்கிய பின், நல்லோர்க்கும் பெருந்தீமைக்கும் சிறுதீமைக்கும் இடையே ஒன்றைத் தெரிந்தெடுப்பதே எஞ்சுகிறது. அந்நிலை வாராமற் காப்பதே உயர்ந்த தொண்டு என்பதை நான்செனின் வாழ்வு நமக்குக் காட்டுகிறது.