விளக்கு ஏந்திய அம்மையார்

இங்கிலாந்தைச் சேர்ந்த செல்வக் குடும்பம் ஒன்று இத்தாலி நாட்டில் தங்கி இருந்தது. அங்கே பிளாரன்ஸ் நகரில் 1820-ம் ஆண்டு மே 12-ந் தேதி ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஊரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அவர்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல்.

நர்சு வேலைக்குப் போக அவர் விரும்பினார். அது அப்போது மதிப்பில்லாத வேலை. வீட்டார் தடுத்தார்கள். அவர் பிடிவாதமாக நின்று, ஜெர்மனிக்குச் சென்று பயிற்சி பெற்றார்.

குண்டைவிடக் கொடியது

1854-ல் கிரிமியா யுத்தம் நடந்தது. துருக்கியில் உள்ள ஸ்கூடாரி ராணுவ ஆஸ்பத்திரிக்கு 38 நர்சுகளுடன் அவர் சென்றார். குண்டடிபட்டு இறந்தவர்களைவிட, காலரா, சீதபேதி, காய்ச்சலால் இறந்த சிப்பாய்களே அதிகம். கட்டடத்தின் அடியில் சாக்கடை தேங்கி நின்றது.

அம்மையார் துணிகளை வெளுக்க வைத்தார். நல்ல உணவு கொடுத்தார். இரவில் விளக்குடன் நோயாளிகளைப் பார்த்து வந்தார். ஆனாலும் 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர்.

அடுத்த மாதம் சுகாதாரக் குழு வந்தது. சாக்கடையைச் சுத்தம் செய்தது. ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது!

கணக்கு சொன்ன பாடம்

நாடு திரும்பிய அம்மையார் சாவுக் கணக்கை ஆராய்ந்தார். அன்பு மட்டும் போதாது, நோய் வருமுன் தயாராக வேண்டும் என்று தெளிந்தார்.

மக்கள் திரட்டிக் கொடுத்த நிதியைக்கொண்டு 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே படித்தவர்கள் 1869-ல் நெட்லி ராணுவ ஆஸ்பத்திரிக்கும் சென்றார்கள்.

1910-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி, 90-வது வயதில் அம்மையார் காலமானார்.

எதிரி நோய்க்கிருமிகளை ஏவினால் எப்படிச் சமாளிப்பது என்று இன்று ராணுவ நர்சுகளுக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். முன்கூட்டியே தயாராக வேண்டும் என்ற அம்மையாரின் பாடம்தான் அதற்கும் அடிப்படை.