பிரீட்ரிக் மீஷர்

உலகில் அரும்பொருள் கண்டவர் பலர். தாம் கண்டதன் பெருமையைத் தம் வாழ்நாளிலேயே முற்ற அறிந்து மகிழ்ந்தவர் சிலரே. உயிர்களின் குலமரபைத் தாங்கிநிற்கும் டி.என்.ஏ. என்னும் பொருளை முதன்முதற் பிரித்தெடுத்த பிரீட்ரிக் மீஷர் அப்பேறு பெறாதாருள் ஒருவர். அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மீஷர் ஸ்விட்ஜர்லாந்து தேசத்துப் பாஸெல் நகரில் 1844-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வைத்தியப் பேராசிரியர். தாய்மாமனாகிய வில்ஹெல்ம் ஹிஸ் உடற்கூற்று நூலிற் பெரும்புகழ் படைத்தவர். இளமையில் வந்த நோயினால் மீஷருக்குச் செவி மந்தமாயிற்று. 1868-ல் வைத்தியப் பட்டம் பெற்றாராயினும், நோயாளரின் குறையைச் செவ்வையாகக் கேட்டறிய இயலாமையின், அத்தொழிலை விடுத்து இரசாயன ஆராய்ச்சியிற் புகுந்தார்.

ஜெர்மனியில் டியூபிங்கன் நகரத்துக் கோட்டையில், ஹோப்பே-ஸைலர் என்னும் ஆசிரியரிடம் அவர் மாணாக்கராயினார். முன்னே கோட்டையின் மடைப்பள்ளியாயிருந்த அறையே அவருக்கு ஆய்வுக்கூடமாயிற்று. வைத்தியசாலையினின்று வந்த, சீழ் தோய்ந்த கட்டுத்துணிகளைப் பிறர் அருவருத்து எறிந்தனர்; மீஷர் அவற்றையே விரும்பிப் பெற்றார். சீழிலுள்ள வெள்ளணுக்களை உப்பு நீரால் அலம்பியெடுத்து, பன்றியின் இரைப்பையிற் கிடைத்த சீரணநீரால் அவற்றின் புரதப்பகுதியைக் கரைத்து, அணுக்களின் உட்கருவைத் தனியே பிரித்தார். அக்கருவினின்று ஒரு புதுப்பொருள் வெளிப்பட்டது. புரதம்போலன்றி அதன்கண் பாஸ்வரம் மிக்கிருந்தது. 1869-ல் இது கண்ட மீஷர் அதற்கு நியூக்ளீன் எனப் பெயரிட்டார். ஆசிரியர் எளிதில் நம்பினாரல்லர். தாமே அச்சோதனைகளைத் திரும்பச் செய்து தெளிந்த பின்னரே, 1871-ல் அக்கட்டுரையை வெளியிட்டார். இளைஞர் ஒருவருக்கு அக்காத்திருத்தல் எத்துணைத் துன்பமாயிருந்திருக்கும்!

1872-ல் பாஸெலிற் பேராசிரியரான மீஷர், ரைன் நதியில் எதிரேறி வரும் சால்மன் மீனின் விந்தினை ஆராய்ந்தார். வெப்பத்தால் நியூக்ளீன் கெடுமென்றஞ்சி, குளிர்காலத்து விடியுமுன் எழுந்து, கணப்பில்லாத அறையில் நடுங்கியபடி உழைத்தார். 1874-ல் அதே நகரத்து இரசாயனியாகிய ஜூல் பிக்கார் என்பவர் அவ்விந்தில் குவானின் என்னும் பொருளுண்டெனக் கண்டார். அக்குவானின் இக்கதையில் மீண்டும் வரும்.

பிற்காலத்தில் மீஷர் தம் மாமனுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், சில எழுத்துக்களே பல சொற்களாவதுபோல, பெரு மூலக்கூறுகளின் அமைப்பு வேறுபாடுகள் மரபுப் பண்புகளைக் குறிக்கக்கூடுமெனக் கருதினார். ஆயினும் அம்மூலக்கூறு தம் கையகத்திருந்த நியூக்ளீனே என்பதை அறிந்திலர். ஓயா உழைப்பால் நலிந்த உடலைக் க்ஷயரோகம் பற்ற, 1895-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26-ஆம் நாள், தம் 51-ஆம் வயதில், டாவோஸ் நகரில் உயிர் நீத்தார்.

அப்பொருள் எங்ஙனம் கெடுமென்பதை நம் காலத்தார் நுணுகியறிந்துள்ளனர். டி.என்.ஏ. முறுக்கிய ஏணி போன்றது. அடினின், தைமின், குவானின், சைட்டோஸின் என்னும் நான்கும் இவ்விரண்டாக இணைந்து அதன் படிகளாகும். படிகள் அடுக்கிய காசுகள்போல் நெருங்கி நிற்பன. பிராணவாயுவிற் பிறக்கும் கொடும்பொருள் ஒன்று ஒரு படியினின்று எலெக்ட்ரானைக் கவர்ந்தால், அங்கே நேர்மின்னேற்றமுள்ள வெற்றிடம் உண்டாகும். அடுத்த படி தன் எலெக்ட்ரானை ஈய, வெற்றிடம் அங்கே பெயரும். இங்ஙனம் படிதோறும் சென்று, எலெக்ட்ரானை எளிதில் இழக்கும் குவானினிடத்தே, சிறப்பாக அஃது இரண்டு அடுத்தடுத்து நிற்குமிடத்தே, தங்கும். அங்கே குவானின் 8-ஆக்ஸோ-குவானினாகத் திரியும். திரிந்தது படியெடுக்கப்படுங்கால் சைட்டோஸினை விடுத்து அடினினைத் துணைக்கொள்ளவுங் கூடும். மரபெழுத்திற் பிழை நேரும். 1996-ல் அமெரிக்க இரசாயனியாகிய ஜாக்குலின் பார்ட்டன் முதலியோர் டி.என்.ஏ.யின் ஒரு முனையில் ரோடியச் சேர்மம் ஒன்றைப் பிணைத்து ஒளி பாய்ச்ச, அப்பாலுள்ள குவானின்களே பழுதுற்றமை கண்டனர். அடி ஓரிடத்தில், காயம் வேறோரிடத்தில். படியடுக்குக் குலைந்தவிடத்து இச்செலவு குறைதலும் கண்டனர். உடம்பிலுள்ள என்ஸைம்கள் இப்பழுதை இடையறாது தேடித் திருத்துகின்றன.

மீஷர் அஞ்சிய கேடும் இதுவும் ஒன்றல்ல. இக்கேட்டைக் குளிர் ஒன்றே தடுக்கவும் இயலாது. ஆயினும் உயிரின் ஏடு எளிதிற் சிதைவது, காக்கத்தக்கது என்று முதன்முதல் அதனைப் பேணியவர் அவரே. மாணவ நண்பர்காள்! பிறர் எறிந்த துணியில் அவர் கண்டதன் பொருள் விளங்க நெடுங்காலம் சென்றது. பயன் காணுமுன் மறைந்தாரேனும், செய்த வேலையைப் பழுதின்றிச் செய்தமையால் அவர் உழைப்பு வீண்போகவில்லை.