காமா பயில்வான்: பதினெட்டு ஆண்டுப் பாக்கி



தொலைக்காட்சியில் ஜூடோ போட்டி பார்த்திருப்பீர்கள். இருவர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டே சுற்றி வருவார்கள். திடீரென்று ஒருவர் மற்றவரைத் தூக்கி, முதுகு படும்படி ஓங்கி வீசுவார். நடுவர் கையை உயர்த்துவார். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது! அதற்கு 'இப்போன்' என்று பெயர். அதற்குப் பிறகு புள்ளிக் கணக்கும் இல்லை, மீதி நேரமும் இல்லை. 1882-இல் ஜப்பானில் ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோ ஓர் ஆசிரியர் என்பது நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

இந்தியக் குஸ்தியிலும் ஏறக்குறைய இதே கதைதான். தோற்றுப்போனவனை நாம் 'மண்ணைக் கவ்வினான்' என்கிறோம் அல்லவா? குஸ்தியில் அது செல்லாது! குப்புற விழுந்து மண்ணைக் கவ்விக்கொண்டு கிடப்பவன் இன்னும் தோற்கவில்லை. அவனைப் புரட்டி, இரண்டு தோளும் தரையில் பட, வானத்தைப் பார்க்க வைக்க வேண்டும். அப்போதுதான் வெற்றி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு காமா பயில்வானின் வரலாற்றைப் படியுங்கள்.

குலாம் முகம்மது என்பது அவருடைய இயற்பெயர். 1878-இல் பஞ்சாபில், அமிர்தசரஸ் வட்டாரத்தில், தலைமுறை தலைமுறையாகக் குஸ்தி பழகிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனாரும் பயில்வான்தான். ஆனால் பிள்ளை சிறு வயதாக இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். தாத்தாவும் மாமாவும்தான் பையனை வளர்த்து, கோதாவில் இறக்கிவிட்டார்கள்.

பத்து வயதில் ஜோத்பூர் மகாராஜா நடத்திய பஸ்கிப் போட்டிக்குப் போனார். பஸ்கி என்றால் வேறொன்றுமில்லை, நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த தோப்புக்கரணம்தான்; காதை மட்டும் பிடிக்க வேண்டியதில்லை. (வகுப்பில் போடும் தோப்புக்கரணத்துக்கு மகாராஜா பரிசு தருவார் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்!) நானூறுக்கும் மேற்பட்ட பயில்வான்கள் கூடியிருந்தார்கள். ஒவ்வொருவராகக் கால் சோர்ந்து விலக, கடைசிப் பதினைந்து பேரில் ஒருவனாக இந்தப் பொடியன் நின்றான். மகாராஜா முதல் பரிசை அவனுக்கே கொடுத்தார்.

பிறகு ததியா சமஸ்தானத்தின் ஆதரவில் பயிற்சி. பெரட்டுக்காக விடியுமுன் எழுகிற உங்களுக்கு அந்த வாழ்க்கை புரியும். தினமும் தண்டாலும் பஸ்கியும் ஆயிரக்கணக்கில்! வளர்ந்த பிறகும் அவர் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம்தான். ஏறக்குறைய ஏழடி உயரமிருந்த ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவோடு மோதி, வெற்றி தோல்வி இல்லாமல் முடித்தபோதுதான் நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது.

1910-இல் தம்பி இமாம் பக்ஷுடன் லண்டனுக்குக் கப்பலேறினார். நம் முன்னோர்களை மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சேர்ப்பது நிறுத்தப்பட்ட ஆண்டும் அதுவே. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அவன் தலைநகரிலேயே போய் நின்று, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சவால் விட்டார் காமா. உயரம் போதாது என்று முதலில் ஒதுக்கினார்களாம். ஆகஸ்டில் அமெரிக்க மல்லர் டாக்டர் பெஞ்சமின் ரோலரை வீழ்த்தியதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

அடுத்து வந்தார் போலந்துக்காரர் ஸ்தானிஸ்லாஸ் சிபிஸ்கோ. உலகின் முன்னணி மல்லர்களில் ஒருவர், காமாவைவிடக் கனத்தவர். 1910 செப்டம்பர் 10-ஆம் தேதி, ஷெப்பர்ட்ஸ் புஷ் அரங்கம். முதல் நிமிடத்திலேயே காமா அவரைக் கீழே தள்ளிவிட்டார். அப்புறம் என்னாச்சு தெரியுமா? சிபிஸ்கோ குப்புறப் படுத்துக்கொண்டார். பாயோடு பாயாக ஒட்டிக்கொண்டு, எழுந்திருக்கவே மறுத்தார். காமா இழுத்தார், நெம்பினார், புரட்டிப் பார்த்தார். ஒண்ணும் நடக்கவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் இப்படியே! லாபிஸில் கார் ஏறினால் ஜொகூர் பாருவுக்குப் போய், ஒரு தேநீரும் குடித்துவிடலாம். கடைசியில் முடிவில்லாமல் ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

மறு ஆட்டம் ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 17. அன்றைக்குச் சிபிஸ்கோ வரவே இல்லை. ஆகவே காமாவே வென்றதாக அறிவித்து, ஜான் புல் பட்டத்தைக் கொடுத்தார்கள். ஆள் வராமல் கிடைத்த பட்டமும் பட்டம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த முதுகு தரையில் படவில்லையே! நியாயமாகப் பார்த்தால் சிபிஸ்கோவையும் கோழை என்று தள்ளிவிட முடியாது. காமாவின் பிடிக்கு இரண்டரை மணி நேரம் ஈடுகொடுத்துக் கிடக்கவும் பலம் வேண்டும்.

காமா மற்றவர்களையும் கூப்பிட்டுப் பார்த்தார். ஐரோப்பாவில் பேர்போன ஜப்பானிய ஜூடோ வீரர் தாரோ மியாக்கேவுக்கும் சவால் போயிற்று. அந்த மோதல் நடக்கவே இல்லை. நாடு திரும்பியவர் அலகாபாத்தில் ரஹீம் பக்ஷோடு மீண்டும் பொருதி வென்று, அந்தப் பழைய கணக்கை முடித்தார். அதற்குப் பிறகு அவரோடு மோத ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. பாக்கி இருந்தது சிபிஸ்கோ ஒருவர்தான்.

பதினெட்டு ஆண்டுகள் ஓடின. 1928 ஜனவரியில் பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் இருவரையும் மீண்டும் சந்திக்க வைத்தார். காமாவுக்கு ஐம்பது வயதை எட்டும் நேரம். சிபிஸ்கோவும் கிட்டத்தட்ட அதே வயதுக்காரர். அந்த வயதில் கடல் கடந்து வந்து நின்றாரே, அந்த மனிதரையும் பாராட்டத்தான் வேண்டும். சுமார் நாற்பதாயிரம் பேர் கூடியிருந்தார்கள். இந்த முறை குப்புறப் படுக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கை கலந்தார்கள், காமா பாய்ந்தார், சிபிஸ்கோவின் முதுகு தரையில்! முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தூரத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். லண்டனில் இரண்டரை மணி நேரத்தில் ஆகாத காரியம்!

மறு ஆண்டு ஜெஸ்ஸி பீட்டர்சன் என்ற மல்லரையும் இரண்டு நிமிடத்துக்குள் சாய்த்தார். முக்கியமான மோதல்கள் அதோடு சரி. அவருடைய உடற்பயிற்சி முறைகளைப் படித்துப் பின்பற்றியவர்களில், நம் இளைஞர்களுக்குப் பிடித்த புரூஸ் லீயும் ஒருவர்.

1947-இல் நாடு பிரிந்தபோது காமா லாகூரில் இருந்தார். கலவரத்தில் தம் தெருவிலிருந்த இந்துக் குடும்பங்களுக்குக் காவலாக நின்றார் என்று சொல்வார்கள். முதுமையில் நோயும் பணமுடையும் வாட்டின. எத்தனை மகாராஜாக்கள் பரிசு கொடுத்தவர், பாருங்கள்! செய்தி தெரிந்து, எல்லைக்கு அப்பாலிருந்து பிர்லா பண உதவி அனுப்பினார். 1960 மே 23-ஆம் தேதி காமா லாகூரில் காலமானார்.

கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் பஸ்கி எடுத்த வளையம் ஒன்று, பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சிக் கழகத்தின் காட்சியகத்தில் இருக்கிறது. அதன் எடை 95 கிலோ. ஐம்பது கிலோ உர மூட்டையைத் தோளில் சுமந்து பழகிய நம் தோட்டத்து அண்ணன்மார்களைக் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு கனம் என்று.