பென்சில் முனைக்குள் ஓடும் எலெக்ட்ரான்கள்: கே.எஸ்.கிருஷ்ணன் கண்டுபிடித்தது எப்படி?

உழவர்கரையில் எந்தப் பள்ளிப் பிள்ளையின் பையைத் திறந்தாலும் ஒரு பென்சில் இருக்கும். அதன் கறுப்பு முனையில் இருப்பது கிராஃபைட், அதாவது கார்பன். வைரமும் கார்பன்தான். ஆனா வைரத்தில் மின்சாரம் பாயாது, கிராஃபைட்டில் பாயும். ஏன்?

இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர், கே.எஸ்.கிருஷ்ணன்.

பேரைக் கேட்ட மாதிரி இருக்கா? 1928ல் கொல்கத்தாவில் ராமன் விளைவைக் கண்டறிந்தபோது சி.வி.ராமனுடன் சோதனைகளைச் செய்தவர். 1930ல் நோபல் ராமனுக்கு மட்டும் போனது. பலருக்கும் கிருஷ்ணனைப் பற்றித் தெரிந்தது அதோடு சரி. உண்மையில் அவருடைய சொந்தக் கதை அதற்கப்புறம்தான் சூடு பிடிக்கிறது.

பிறந்தது 1898ல். வத்திராயிருப்பில் பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்துவக் கல்லூரி, பிறகு கொல்கத்தா. 1928 கடைசியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனவர், அங்கே படிகங்களின் காந்தப் பண்பில் இறங்கினார். 1933ல் மறுபடி கொல்கத்தா.

அவருடைய கருவி ரொம்ப எளிமையானது. சின்னப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தத்துக்கு நடுவில் வைப்பார். இழையின் மேல்முனையை முறுக்கிக்கொண்டே போவார். ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று திரும்பிவிடும். எவ்வளவு முறுக்கில் திரும்புகிறது என்பதை வைத்தே, படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட்டுவிடலாம்.

கிராஃபைட்டில் கிடைத்த வித்தியாசம் சாதாரணமில்லை. அது அடுக்கடுக்கான தாள்கள் போன்ற அமைப்பு. தாளுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் இருக்கும்போது தெரியும் எதிர்ப்பு, தாளின் போக்கில் இருக்கும்போது தெரிவதைவிட சுமார் 40 மடங்கு அதிகம். காரணம், கார்பனின் நான்கு வெளி எலெக்ட்ரான்களில் மூன்று பக்கத்து அணுக்களோடு பிணைந்துவிடும். நான்காவது அந்தத் தாள் முழுக்கச் சுற்றித் திரியும், ஆனால் அடுத்த தாளுக்கு லேசில் தாவாது. வைரத்தில் நான்குமே கட்டுண்டவை.

அணுவுக்கு ஒன்று வீதம் இப்படித் திரிகிறது என்று 1941ல் என்.கங்குலியுடன் சேர்ந்து எழுதினார். கிராஃபைட்டின் ஒற்றைத் தாளான கிராஃபீன் தனியாகப் பிரிக்கப்பட்டதோ 2004ல்! இன்று ஒளியைப் பாய்ச்சி, வெளியே தெறிக்கும் எலெக்ட்ரான்களின் ஆற்றலை அளந்து, அவை உள்ளே இருந்த நிலையை நேரடியாகவே பார்க்கிறார்கள். இதுதான் எலெக்ட்ரான் நிறமாலையியல்.

1942ல் அலகாபாத், 1947ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். நாற்காலி வந்த பிறகும் கிராஃபைட்டை விடவில்லை. 1952ல் எஸ்.சி.ஜெயினுடன் சேர்ந்து, அதைச் சூடாக்கி வெளிவரும் எலெக்ட்ரான்களை அளந்தார். இயக்குநராக இருந்தபடியே 1961 ஜூனில் காலமானார்.